தொலையாத சுக்கானைத் தேடிய மூன்று நிமிடம்: மெக்கெயின் போர்க்கப்பலும் அதன் தொடுதிரையும்

2017 ஆகஸ்ட் 21, அதிகாலை. அமெரிக்கக் கடற்படையின் யு.எஸ்.எஸ். ஜான் எஸ். மெக்கெயின் என்ற நாசகாரிக் கப்பல் கிழக்கிலிருந்து சிங்கப்பூர் நீரிணையை நெருங்கிக்கொண்டிருந்தது. வேகம் ஏறத்தாழ 20 நாட், அதாவது மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர். இன்னும் விடியவில்லை. ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கு அருகே, உலகத்துச் சரக்குக் கப்பல்களெல்லாம் ஒரே வழியில் நுழைய நெருக்கியடிக்கும் இடம் அது.

5.19 மணிக்குக் கப்பல் தலைவர் ஒன்றைக் கவனித்தார். சுக்கான் பிடித்திருந்த மாலுமி திசையையும் வேகத்தையும் ஒரே ஆளாகச் சமாளிக்கத் திணறிக்கொண்டிருந்தார். சரி, வேலையைப் பிரித்துவிடலாம் என்று நினைத்தார். திசை சுக்கானியிடமே இருக்கட்டும், வேகத்தைப் பக்கத்து இருக்கைக்காரர் பார்த்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட்டார். எந்த அனுபவசாலியும் எடுக்கக்கூடிய முடிவுதான் இது. அந்த மாற்றத்தைத் திரையில் சில தட்டல்களில் செய்ய வேண்டியிருந்தது.

5.24 அளவில் ஆல்னிக் எம்.சி. என்ற லைபீரியக் கொடி கட்டிய எண்ணெய், ரசாயனக் கப்பலின் மூக்கு மெக்கெயினின் இடப்பக்கத்தைத் துளைத்தது. மாலுமிகள் தூங்கிக்கொண்டிருந்த ஓர் அறைக்குள் கடல் புகுந்தது. அதில் இருந்தவர்களில் இரண்டு பேர் மட்டும் வெளியே வந்தார்கள். பத்துப் பேர் இறந்தார்கள், 48 பேர் காயப்பட்டார்கள். இறந்தவர்களில் மிக இளையவருக்கு 20 வயது.

அன்று கப்பலின் சுக்கானில் எந்தப் பழுதும் இல்லை. எஞ்சின்கள் நன்றாக ஓடின. திரைகள் எரிந்துகொண்டிருந்தன. ஆனாலும் கப்பலை ஓட்டும் மேல்தளத்தில் நின்றவர்கள் கடைசி மூன்று நிமிடத்தின் பெரும்பகுதியும் சுக்கான் செயலிழந்துவிட்டது என்றே நம்பினார்கள். இந்த நிகழ்வை நான் திரும்பத் திரும்பப் படித்ததற்குக் காரணம் இதுதான். ஆலை இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுத் திரை வடிவமைப்பது என் தொழில். தொட்டு இயக்குவதும் சைகையில் இயக்குவதும் எங்கே உதவும், எங்கே காலை வாரும் என்ற கேள்விக்கு இவ்வளவு துல்லியமாகப் பதிவான இன்னொரு சம்பவம் எனக்குத் தெரியவில்லை. அமெரிக்கக் கடற்படை அதே ஆண்டு நவம்பரில் தன் அறிக்கையை வெளியிட்டது. சிங்கப்பூரின் போக்குவரத்துப் பாதுகாப்பு விசாரணைப் பிரிவு 2018 மார்ச்சில் வெளியிட்டது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019இல் விரிவான அறிக்கை தந்தது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அந்த ஐந்து நிமிடங்களையும் கிட்டத்தட்ட நொடி நொடியாக விரித்துப் பார்க்க முடிகிறது.

அந்த மேசையில் என்ன இருந்தது

மெக்கெயின் 1994இல் கடற்படையில் சேர்ந்த கப்பல். 154 மீட்டர் நீளம், இரண்டு ப்ரொப்பெல்லர்கள். மோதலுக்குச் சுமார் ஓராண்டு முன்புதான் அதன் மேல்தளத்தில் புதிய ஒருங்கிணைந்த வழிகாட்டல் அமைப்பு பொருத்தப்பட்டது. அதற்கு முன் இந்த வகைக் கப்பல்களில் வேகத்துக்கு இரண்டு கைப்பிடிகள் இருக்கும், ஒவ்வொரு ப்ரொப்பெல்லருக்கும் ஒன்று. முன்னால் தள்ளினால் வேகம், பின்னால் இழுத்தால் நிதானம். புதிய அமைப்பில் அந்தப் பிடிகள் போய், அவற்றின் இடத்துக்குத் தொடுதிரையில் வரைந்த, விரலால் இழுக்கும் நழுவுபட்டைகள் வந்தன. மேசையில் பக்கம் பக்கமாக இரண்டு இருக்கைகள், சுக்கானிக்கு ஒன்று, வேகம் பார்ப்பவருக்கு ஒன்று. எந்த வேலையையும் எந்த இருக்கைக்கும் மாற்றிக்கொள்ளலாம். கப்பலின் பின்பகுதியில், சுக்கான் இயந்திரத்துக்குப் பக்கத்தில், அவசரத்துக்கு இன்னோர் இயக்குமிடமும் உண்டு.

இந்த நெகிழ்வைக் குறைவாக நினைக்கக் கூடாது. ஒரு இடம் அடிபட்டால் இன்னொரு இடத்திலிருந்து கப்பலை ஓட்ட முடிய வேண்டும் என்பது போர்க்கப்பலுக்கு உயிர் போகும் விஷயம். திரை என்றால் அந்த மாற்றம் மென்பொருளில் முடிந்துவிடும். எடை குறையும், கம்பிகள் குறையும், புது வசதி வேண்டுமென்றால் மேசையை உடைக்க வேண்டியதில்லை. இந்த வேலையில் இருக்கிற யாரும் இதே காரணங்களைத்தான் வாடிக்கையாளரிடம் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன், நம்பித்தான் சொன்னேன்.

அந்த அமைப்பு சில நிலைகளில் இயங்கும். கணினி இடையில் நின்று சரிபார்க்கும் நிலை ஒன்று. கணினியின் துணை இல்லாமல் நேரடியாக இயக்கும் மாற்றுக் கைநிலை இன்னொன்று. மெக்கெயினில் அன்று இருந்தது இரண்டாவது. நேரடியாக இருப்பது பாதுகாப்பு என்று கப்பல் தலைவர் நம்பினார். ஆனால் அந்த நிலையில் ஓர் ஆபத்து இருந்தது. ஓர் இருக்கை விட்டுக்கொடுக்காமலே இன்னோர் இருக்கை சுக்கானை எடுத்துக்கொள்ளும். கேட்டு வாங்க வேண்டியதில்லை, கொடுத்தவருக்குத் தெரிய வேண்டியதும் இல்லை.

ஐந்து நிமிடம்

வேகத்தை மட்டும் பக்கத்து இருக்கைக்கு மாற்ற வேண்டும். அந்தத் தட்டல்களின் நடுவே சுக்கானும் சேர்ந்து பக்கத்து இருக்கைக்குப் போய்விட்டது. யாரும் அதைக் கேட்கவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை.

அதுவரை சுக்கானி கப்பலை நேராகப் பிடிக்கச் சுக்கானை ஒன்றிலிருந்து நான்கு பாகை வலப்பக்கம் வைத்திருந்தார். கட்டுப்பாடு கைமாறியதும் சுக்கான் நடுநிலைக்குத் திரும்பியது. வலப்பக்கம் பிடித்திருந்த கை விட்டதுபோல் ஆனது. கப்பல் மெல்ல இடப்பக்கம் சாயத் தொடங்கியது. சுக்கானி தன் இடத்திலிருந்து திருப்பிப் பார்த்தார், கப்பல் கேட்கவில்லை. சுக்கான் போய்விட்டது என்று குரல் கொடுத்தார். அவர் பார்த்த அளவில் அது உண்மைதான். அவர் கைக்குச் சுக்கான் கட்டுப்படவில்லை. அது ஒரு முழம் தள்ளிப் பக்கத்து இருக்கையில் இருந்தது.

யாரிடம் கட்டுப்பாடு இருக்கிறது என்பதைச் சொல்லும் குறிப்பு திரையில் இருக்கத்தான் செய்தது. ஆனால் பதறிப்போன ஆளின் கண் அதைத் தேடிப் போகாது. கப்பல் சொன்னபடி கேட்காதபோது கண் கடலைப் பார்க்கும், பக்கத்தில் வரும் கப்பலைப் பார்க்கும்.

அடுத்தது இன்னும் மோசம். சுக்கான் இல்லை என்றதும் கப்பல் தலைவர் வேகத்தைக் குறைக்கச் சொன்னார். முதலில் 10 நாட், பிறகு 5. அதுவும் சரியான உத்தரவுதான். இரண்டு ப்ரொப்பெல்லர்களின் வேகத்தையும் ஒன்றாகக் கூட்டிக் குறைக்க வேண்டுமானால் திரையில் அவற்றை இணைத்து வைத்திருக்க வேண்டும். கைமாறும்போது அவை தனித்தனியாக மாறின, பிறகு இணைக்கப்படவில்லை. வேகம் பார்த்தவர் பட்டையை இழுத்தார். இடப்பக்க ப்ரொப்பெல்லர் மட்டும் நிதானித்தது. வலப்பக்கம் பழைய வேகத்தில் உந்திக்கொண்டே இருந்தது.

துடுப்புப் போட்டவர்களுக்கு இது உடனே புரியும். இடப்பக்கத் துடுப்பை நிறுத்திவிட்டு வலப்பக்கத் துடுப்பை வலித்தால் படகு எந்தப் பக்கம் திரும்பும்? ஏற்கெனவே இடப்பக்கம் சாய்ந்துகொண்டிருந்த கப்பல் இப்போது வேகமாக இடப்பக்கம் வளைந்தது. அந்தப் பக்கத்தில்தான் ஆல்னிக் அதே திசையில், அதைவிட மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. மெக்கெயின் அதன் மூக்குக்கு முன்னால் குறுக்கே வந்தது. நிறுத்தச் சொன்ன உத்தரவே கப்பலைத் திருப்பிவிட்டது.

பின்பகுதி இயக்குமிடத்துக்கு ஆள் அனுப்பினார்கள். சுக்கான் இருக்கைக்கு இருக்கை, மேலுக்கும் பின்னுக்குமாகக் கைமாறியது. வேக வித்தியாசத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார்கள். சுக்கானும் கைக்கு வந்தது. ஆனால் காலம் கடந்துவிட்டது. அந்த மூன்று நிமிடத்தில் சுற்றியிருந்த கப்பல்களுக்கு ரேடியோவில் எச்சரிக்கை போகவில்லை, ஆபத்துச் சங்கும் ஊதவில்லை.

பழியை எங்கே வைப்பது

திரைதான் பத்துப் பேரைக் கொன்றது என்று எழுதினால் அது பொய். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முதல் காரணமாகச் சொன்னது கடற்படையின் மேற்பார்வைக் குறைபாடு. அதனால்தான் பயிற்சி போதவில்லை, மேல்தளத்து நடைமுறைகள் சரியாக எழுதப்படவில்லை என்றது. அன்று கட்டுப்பாட்டு மேசையோடு தொடர்புள்ள சிலர் யு.எஸ்.எஸ். ஆன்டீட்டம் என்ற இன்னொரு கப்பலிலிருந்து தற்காலிகமாக வந்தவர்கள். அங்கே இருந்த இயக்கமுறை வேறு. மேல்தளத்தில் காவலில் நின்ற 14 பேர் அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் தூங்கியது சராசரியாக 4.9 மணி நேரம். நெரிசலான நீர்வழியில் நுழையும்போது அனுபவசாலிகளைக் கூடுதலாக நிறுத்தும் வழக்கத்தை 6 மணிக்குத் தள்ளிவைத்திருந்தார்கள். அதற்கு முன்பே மோதல் நடந்துவிட்டது.

2017 ஜூனில், இதே ஏழாவது கப்பற்படையைச் சேர்ந்த யு.எஸ்.எஸ். ஃபிட்ஸ்ஜெரால்ட் ஜப்பானுக்கு அருகே ஒரு சரக்குக் கப்பலோடு மோதி ஏழு பேர் இறந்தார்கள். அதில் தொடுதிரைக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆக, களைப்பும் அவசரமும் பயிற்சிக் குறைவும் அந்தப் படையில் முன்பே ஊறிக் கிடந்தன. மெக்கெயினின் கப்பல் தலைவரும், அந்த அமைப்பில் மற்றவர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பில் இருந்த ஒரு மூத்த வீரரும் 2018 மே மாதம் ராணுவ நீதிமன்றத்தில் கடமை தவறியதை ஒப்புக்கொண்டார்கள்.

இத்தனையும் சொன்ன வாரியம் கூடவே இன்னொன்றும் சொன்னது: திரையில் இயங்கிய அந்தக் கட்டுப்பாட்டு அமைப்பின் வடிவமைப்பு, மோதலுக்கு இட்டுச்சென்ற தவறுகள் நிகழும் வாய்ப்பைக் கூட்டியது. எங்களைப் போன்றவர்கள் ஒளிந்துகொள்ள இதில் இடமில்லை. தூங்காத, போதிய பயிற்சி இல்லாத ஆள்தான் நிஜத்தில் மேசைக்கு முன் நிற்பார். நன்றாகத் தூங்கி, கையேடு முழுவதும் படித்த ஆளுக்காக வரைந்த திரை வரைபடத்தில்தான் நன்றாக இருக்கும்.

கைப்பிடி செய்த வேலைகள்

ஒரு வேகப்பிடியை எடுத்துவிட்டுத் திரையில் ஒரு பட்டை வரையும்போது, பிடி செய்த ஒரு வேலையை மட்டும் மாற்றுகிறோம் என்று நினைக்கிறோம். கட்டளை கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை என்று நம் எண்ணம். மெக்கெயினை வைத்துப் பார்த்தால் அது இன்னும் பல வேலைகளைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது தெரிகிறது.

பிடி இருக்கும் இடமே கப்பலின் நிலை. இரண்டு பிடிகளும் ஒரே உயரத்தில் நின்றால் இரண்டு ப்ரொப்பெல்லர்களும் ஒரே வேகம். ஒன்று முன்னால், ஒன்று பின்னால் நின்றால் கப்பல் திரும்பப் போகிறது. இதை யாரும் படிக்க வேண்டியதில்லை, எண்ணைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டியதில்லை. அறையின் மறுமூலையில், பிடித்தவருக்குப் பின்னால் நிற்கும் அதிகாரியும் அரையிருட்டில் கண்ணோரத்தில் பார்த்துவிடுவார். ஒன்று மட்டும் கீழே இழுபட்டிருந்தால் யாராவது ஒருவர் "ஏய், இன்னொன்று?" என்று கேட்டிருப்பார். பிடிகள் இருந்திருந்தால் வேக வித்தியாசம் முன்பே கண்ணில் பட்டிருக்கும் என்ற இந்தக் கருத்து வாரியத்தின் அறிக்கையிலும் இருக்கிறது. திரைக்கு வந்ததும் அந்தச் செய்தி ஒரே ஒருவரின் கண்ணுக்குச் சுருங்கியது. மேல்தளத்தில் அத்தனை பேர் இருந்தும் வேக வித்தியாசத்தைப் பார்க்கக்கூடிய இடத்தில் ஒருவர்தான், அவரும் திகைத்துப்போயிருந்தார்.

பிடி உடனே கைக்குப் பதில் சொல்லும். இரண்டு பிடிகளையும் சேர்த்துப் பிடிக்க ஒரு உள்ளங்கை போதும். ‘இணை’ என்று திரையில் ஓர் இடத்தைத் தேடித் தட்ட வேண்டியதில்லை. ஒரு கை அதன் மேல் இருந்தால் இந்த வேலை யாரிடம் இருக்கிறது என்ற சந்தேகமும் வராது. ஒருவர் பிடித்திருக்கும் பிடியை அவருக்குத் தெரியாமல் இன்னொருவர் எடுக்க முடியாது, அவர் விரல்களைப் பிடியிலிருந்து விலக்க வேண்டும். திரையில் அந்தக் கைமாற்றம் ஓசையில்லாமல், எடையில்லாமல் நடந்துவிட்டது. இந்த ஒன்றை மட்டும் யோசித்திருந்தால்கூடப் போதுமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. சுக்கான் கைமாறும்போது எழும் ஒரு மணியோசை, இரண்டு இருக்கைகளும் ஒத்துக்கொண்டால்தான் மாறும் என்ற ஒரு விதி.

இதை நான் முதலில் கற்றது கப்பலிலிருந்து இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சாய ஆலையில், சாயத் தொட்டியின் வெப்பத்தையும் தண்ணீரையும் கட்டுப்படுத்தும் பேனலை மாற்றினோம். பழைய பேனலில் குமிழ்களும் பட்டன்களும் இருந்தன, புதியதில் அழகான தொடுதிரை. மூன்று மாதம் கழித்துப் போனபோது திரையின் ஓரச் சட்டத்தில், வலப்பக்கம் கீழே, ஒரு சுண்டைக்காய் அளவுக்கு எம்-சீல் உருண்டை ஒட்டியிருந்தது. அந்த இயந்திரத்தின் ஓட்டுநராக இருந்த பெரியவரிடம் கேட்டேன். "நீராவிய மூடுற எடம் அதுக்கு நேரா இருக்கு தம்பி. கைல தடவிப் பார்த்தா தெரியணும்ல" என்றார். அங்கே எப்போதும் நீராவி மூட்டம், கையில் சாயம், கண் தொட்டிக்குள் இருக்கும் துணியின் மேல். வெப்பம் ஏறினால் பேனலைத் திரும்பிப் பார்க்காமல் நீராவியை அடைக்க அவருக்கு ஓர் அடையாளம் தேவைப்பட்டது. வழவழப்பான என் கண்ணாடியில் அது இல்லை. அவரே செய்துகொண்டார். அடுத்த முறை நீராவிக்குத் தனியாக ஒரு திருகு சுவிட்ச் வைத்துக் கொடுத்தேன். உருண்டையைப் பிய்க்க வேண்டாம் என்று அவர் சொன்னதால் அதை அப்படியே விட்டோம்.

காற்றில் கையசைப்பது

தொடுதிரையில் கண்ணாடியாவது இருக்கிறது. விரல் பட்டதா என்பதாவது தெரியும். சைகையில் அதுவும் கிடையாது. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, கணினி பார்த்ததா இல்லையா என்று கைக்கு எந்தப் பதிலும் வராது. மூக்கைச் சொறிவதற்கும் கட்டளைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணினி ஊகிக்க வேண்டும். கையைத் தூக்கிவைத்து எவ்வளவு நேரம் வேலை செய்ய முடியும்? கையை நீட்டி நிமிர்ந்த திரையைத் தொடுவதே தோளை இழுத்துவிடும். அந்தக் கைவலி எண்பதுகளிலிருந்தே இந்தத் துறையில் பேசப்படுவது. மடிக்கணினிக்குத் தொடுதிரை வைக்காததற்கு 2010இல் ஆப்பிள் சொன்ன காரணமும் அதுதான்.

உடல் அசைவைப் பார்த்து இயங்கும் மைக்ரோசாஃப்டின் விளையாட்டுக் கருவியான கினெக்ட் 2010 நவம்பரில் வந்து முதல் 60 நாளில் 80 லட்சம் விற்றது. வீட்டு விளையாட்டில் குதித்து ஆடுவதற்கு அது அருமையான கருவி. 2017இல் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். கூகுள் 2019இல் பிக்சல் 4 ஃபோனில் ஒரு சின்ன ரேடாரை வைத்து, மேலே கையை அசைத்தால் பாட்டு மாறும் என்றது. அந்த ரேடாருக்கு வேண்டிய 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அனுமதி கிடைக்காததால் அந்த ஃபோன் இந்தியாவுக்கே வரவில்லை. அடுத்த ஆண்டு பிக்சல் 5இல் ரேடார் இல்லை.

ஆனால் ஓரிடத்தில் இந்தக் காற்றுச் சைகைக்கு முழு நியாயம் இருக்கிறது. அறுவை அரங்கில், கையுறை போட்ட மருத்துவர் எதையும் தொட்டால் திரும்பக் கை சுத்தம் செய்ய வேண்டும். ஸ்கேன் படத்தைத் திருப்பிப் பார்க்க ஒவ்வொரு முறையும் யாரையாவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 2012இல் கினெக்ட்டை வைத்து ரத்தக்குழாய் அறுவையின்போது கையசைத்துப் படம் பார்க்கும் முறையைச் சோதித்தார்கள். கினெக்ட்டுக்குக் கிடைத்த மிகச் சரியான இடம் வரவேற்பறையைவிட அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு சைகை தப்பினால் படம் கொஞ்சம் தப்பாகத் திரும்பும், இன்னொரு முறை அசைத்தால் சரியாகிவிடும். மெக்கெயினில் அந்த இன்னொரு முறைக்கு நேரம் இல்லை.

ஏடிஎம்மில், ரயில் நிலையச் சீட்டு இயந்திரத்தில், ஃபோனில் தொடுதிரை ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதும் இதே கோட்டில்தான் வருகிறது. அங்கே கண் திரையிலேயே இருக்கிறது. செய்வது ஒரே ஆள். தப்பாகத் தட்டினால் ‘பின்செல்’ இருக்கிறது. ஓட்டும் காரில் கண் சாலையில் இருக்க வேண்டும், உடனே கணக்கு மாறுகிறது. ஸ்வீடனில் வி பீலேகாரே என்ற கார் பத்திரிகை 2022இல் ஒரு சோதனை செய்தது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே ஏசி, ரேடியோ மாதிரி நான்கு சாதாரண வேலைகளைச் செய்ய வேண்டும். பட்டன்கள் உள்ள 2005ஆம் ஆண்டு வால்வோவில் அதற்கு 10 நொடி ஆனது, அதற்குள் கார் 306 மீட்டர் போயிருந்தது. பெரிய திரை வைத்த புதிய கார்களில் மிக மெதுவானதில் 44.6 நொடி, 1,372 மீட்டர். ஐரோப்பாவின் புதிய கார் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பான யூரோ என்கேப், 2026 முதல் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், அபாய விளக்கு, அவசர அழைப்பு ஆகியவற்றுக்குக் கையில் தட்டுப்படும் கட்டுப்பாடுகளை உயர்ந்த மதிப்பெண்ணுக்கு நிபந்தனை ஆக்கியது.

விமானத்தில் இது இன்னும் நுட்பமாகப் பேசப்படும் விஷயம். இப்போதைய பெரிய விமானங்களில் தொடுதிரைகள் வந்துவிட்டன, ஆனால் எஞ்சின் வேகத்துக்குப் பிடிதான். அதிலும் போயிங்கில் கணினி வேகத்தை மாற்றும்போது பிடியும் தானாக நகரும். ஏர்பஸ்ஸில் பிடி ஓரிடத்தில் நிற்கும். எது நல்லது என்று விமானிகள் பல ஆண்டுகளாக வாதம் செய்கிறார்கள். பிடி இருந்தாலும் அது நிலையைக் காட்டுகிறதா என்பதுதான் அந்த வாதத்தின் மையம், மெக்கெயினில் நாம் பார்த்ததும் அதுவே.

பிடிகள் திரும்பின

வாரியம் கடற்படைக்கு ஏழு பரிந்துரைகள் கொடுத்தது. இதுபோன்ற சிக்கலான அமைப்புகளை நவீனப்படுத்தும்போது மனிதர் எப்படி இயங்குகிறார் என்பதை வடிவமைப்பிலேயே சேர்க்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அதற்கு முன்பே கடற்படை தன் மாலுமிகளிடம் கருத்துக் கேட்டிருந்தது. 2019 ஆகஸ்ட்டில், கப்பல் கட்டுமானத் திட்டங்களுக்குப் பொறுப்பாக இருந்த ரியர் அட்மிரல் பில் காலினிஸ் ஒரு பொறியாளர் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசினார். மாலுமிகள் முதலாவதாகக் கேட்டது, எங்களுக்கு வேகப்பிடியைத் திருப்பிக் கொடுங்கள் என்பதுதான் என்றார். செய்ய முடியும் என்பதற்காகவே ஒன்றைச் செய்துவிட்டோம், அமைப்பு தேவைக்கு மேல் சிக்கலாகிவிட்டது என்ற பொருளில் வெளிப்படையாகவே ஒத்துக்கொண்டார்.

பொறுப்பில் இருக்கும் ஒருவர் கூட்டம் போட்டு இப்படிச் சொல்வது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. திரை வாங்கியாகிவிட்டது, பல கப்பல்களில் பொருத்தியாகிவிட்டது. பயிற்சி கொடுத்தால் போதும் என்று விட்டுவிடும் வழியும் இருந்தது. பயிற்சியும் கொடுத்தார்கள், பிடியையும் திருப்பிக் கொண்டுவர முடிவு செய்தார்கள். மாலுமிகளின் சொல்லை வடிவமைப்பு ஆவணத்துக்குச் சமமாக எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சாய ஆலைப் பெரியவரை நான் மூன்று மாதம் முன்பே கேட்டிருந்தால் என் முதல் பேனலே வேறு மாதிரி வந்திருக்கும்.

இப்போது எந்தத் திரைக்கும் வரைபடம் போடுவதற்கு முன் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அரை நாள் நிற்கிறேன். ஓட்டுநரின் கண் எங்கே இருக்கிறது, கை நனைந்திருக்கிறதா, அவருக்குப் பின்னால் நிற்பவருக்கு என்ன தெரிய வேண்டும், ஷிஃப்ட் மாறும்போது இயந்திரம் யாரிடமிருந்து யாரிடம் போகிறது என்று பார்க்கிறேன். கடைசிக் கேள்வியை மெக்கெயின் அறிக்கையைப் படித்த பிறகுதான் சேர்த்தேன். அந்தக் கைமாற்றத்துக்கு இப்போது ஒரு சாவி வைக்கிறேன், நிஜமான சாவி. அது ஒரு நேரத்தில் ஒரே துவாரத்தில்தான் இருக்க முடியும்.

அமெரிக்கக் கடற்படையின் 2019ஆம் ஆண்டுத் திட்டப்படி, வேகப்பிடிகள் முதலில் யு.எஸ்.எஸ். ராமேஜ் என்ற நாசகாரிக் கப்பலில் வருவதாக இருந்தது, அப்புறம் இதே அமைப்பு உள்ள மற்றக் கப்பல்களுக்குப் போவதாக இருந்தது. மெக்கெயின் யோகோசுகாவில் பழுது பார்க்கப்பட்டு 2019 அக்டோபரில் மீண்டும் கடலுக்கு வந்தது. திரையை யாரும் கழற்றப்போவதில்லை, வரைபடமும் ரேடாரும் அதில்தான் இருக்கும். அதன் பக்கத்தில் இரண்டு பிடிகள் இருக்கும், இருட்டில் பின்னால் நிற்பவருக்கும் தெரியும்படி.